மஞ்சள் காரின் சாவி

காலை ஆறு ஐம்பதுக்குக் குழந்தை வீரிட்டது.

அவர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பசி இருக்க முடியாது. பால் குடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வயிற்றுவலியாக இருக்கும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். அழுகை கூடியது. தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் சிவப்பாக ஒரு தடம். நீள்வட்டமாக, நடுவில் பொத்தான்கள் உட்பட, தெளிவாகப் பதிந்திருந்தது.

சட்டைப் பைக்குள் விரல் விட்டார். ஒரு கார் சாவி.

"என்னது அது?" என்றாள் மனைவி. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இன்னொரு குழந்தை. அது தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் தூங்கியதில்லை.

"சாவி."

"அது தெரியுது. யாரோடது?"

"மஞ்சக் காரு."

"அதுக்கு நம்ம வீட்டுல என்ன வேலை?"

குழந்தையின் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். நேற்றுப் போட்டிருந்த சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. அதைக் கழற்ற மறந்ததே இப்போதுதான் தெரிந்தது.

அவரும் அவருடைய சகலையும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தார்கள். அக்காளைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். வருகிறவர்கள் இவரைப் பெரியவர் என்றும் அவரைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும் வரும் பட்டறை. அங்கே ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டை யார் கழற்றுகிறாரோ அவர் காரின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓட்டி, அளவு பார்த்த பிறகுதான் சாவி போர்டில் தொங்கும். ஆரம்பத்தில் ஒருமுறை, வடித்துவிட்டு ஊற்றாத காரை யாரோ தெருமுனை வரை ஓட்டிவிட்டார்கள். அந்த எஞ்சின் தெருமுனையிலேயே முடிந்துபோனது. அதற்குப் பிறகு வந்த பழக்கம். சாவி ஒருவர் பையில் இருக்கிறது என்றால் அந்தக் காருக்குள் ஆயில் இல்லை என்று பொருள்.

சாவியை வேலைக் கோட்டின் பையில்தான் போடுவார். அந்தப் பை கிழிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. தைத்துத் தருவதாக மனைவி சொல்லியிருந்தாள். பிறகு இருவருமே மறந்துவிட்டார்கள். அதனால் சட்டைப் பை. அதனால் வீடு.

நேற்று மாலையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். கார் லிஃப்டில் ஏறியது. போல்ட் கழன்றது. பழைய ஆயில் கறுத்து, சூடாக, கயிறு மாதிரி இறங்கியது. அது வடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. புது வாஷர், புது ஃபில்டர். ரேக்கிலிருந்து டப்பாக்களை இறக்கியது. அதுவரை இருந்தது. பிறகு கை கழுவியது. போனில் மனைவி, பையனுக்குக் காய்ச்சல் என்றாள். பிறகு பஸ். டப்பாவை இறக்கியதற்கும் கை கழுவியதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல மனம் அங்கேயே போய்ப்போய் வந்தது.

சின்னவருக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார்.

மனைவி தன் தங்கைக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் தங்கையின் குரல் கேட்டது. "அவரு அப்பவே கெளம்பிட்டாரே. போனா? அதை மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டுத்தான் வேலையே பாப்பாரு. நான் செத்துட்டேன்னு சொல்லணும்னாலும் சாயந்தரம்தான் சொல்லணும்."

"நான் போறேன்" என்றார் அவர்.

"இப்பவா? சாவிதான் உங்ககிட்ட இருக்கே. சாவி இல்லாம யாரு ஓட்டப் போறா?"

"டாக்டரம்மாகிட்ட இன்னொரு சாவி இருக்கு. எட்டு மணிக்கு வண்டி எடுக்க வர்றாங்க. ரேஸ் டிராக்குக்குப் போறாங்க இன்னிக்கு."

மனைவி அவரையே பார்த்தாள். "ஆயில் ஊத்தினீங்களா இல்லையா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "சரி, போங்க. ஆனா ஒண்ணைத் தூக்கிட்டுப் போங்க. ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னால ஆகாது."

"பட்டறைக்கா?"

"பின்ன? இவன் காய்ச்சல்ல கெடக்கான். அவ நல்லாத்தான் இருக்கா. புகை படாம வச்சுக்குங்க."

"அங்க வந்து அழுவா."

"இங்க மட்டும் பாட்டா பாடுறா?"

குழந்தையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டார். பையில் பால் புட்டி, பால் பவுடர், இரண்டு துணி. சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார். குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"பேத்தியா?"

"பொண்ணு."

"பொண்ணோட குழந்தையா?"

"இல்லைங்க. பொண்ணே இதுதான்."

அந்த ஆள் அவருடைய நரைத்த தலைமயிரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருஷம் பிறந்தவை இரண்டும். அதைப் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கம்பியில் தலை சாய்த்தார். உடனே தூக்கம் வந்தது. குழந்தை அவர் மோவாயைப் பிடித்து இழுத்து எழுப்பியது. அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் அதுதான்.

பட்டறையின் ஷட்டர் ஏறியிருந்தது. மஞ்சள் கார் தரையில் நின்றது. பின்பக்க மூடி திறந்திருந்தது. இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். சின்னவர் குனிந்து நின்று புனலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, புது ஆள் எடுத்திருக்கீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வேலை என்ன தெரியும்?"

"அழத் தெரியும்."

"போதும். கம்ப்ளெயிண்ட் சொல்லி வர்றவங்கள அவ பாத்துக்கட்டும்."

பெரியவர் உள்ளங்கையை விரித்துச் சாவியைக் காட்டினார். சின்னவரின் சிரிப்பு அடங்கியது.

"தெரியும் சகலை. வந்ததும் போர்டைப் பாத்தேன். சாவி இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"ஆயில் ஸ்டிக் பாத்தியா?"

"பாத்தேன். காஞ்சு கெடந்துச்சு."

"ஊத்திட்டியா?"

"முக்கால்வாசி ஊத்திட்டேன். ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டுத்தான் மிச்சம் ஊத்தணும். நீங்க சொன்ன கெட்டி ஆயில்தான். ரேக்குல தீர்ந்துபோச்சு, புதுப் பெட்டி உடைச்சேன்."

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கார் தப்பித்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். விட்ட பிறகு அடுத்தது வந்தது. ஆக, நேற்று நான் ஊற்றவில்லை.

"போன் பண்ணியிருக்கலாமே, தம்பி."

"பண்ணத்தான் நெனச்சேன். ராத்திரி பூரா முழிச்சிருப்பாரு, இப்பதான் கண்ணை மூடியிருப்பாருன்னு விட்டுட்டேன்."

சாதாரணக் கார்களில் ஆயில் எஞ்சினுக்கு அடியிலேயே தேங்கி நிற்கும். இந்தக் காரில் தனித் தொட்டி ஒன்றில் நிற்கும். வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இரவெல்லாம் சும்மா நின்றால் அது தொட்டியிலிருந்து மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் அளவுக் கம்பியைத் தொட்டிக்குள் விட்டால் காய்ந்து வரும். சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் அளவு. ஆறிப்போன எஞ்சினில் கம்பியை நம்பக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குக் கம்பி சொன்னதையேதான் சாவியும் சொன்னது.

சின்னவர் துடைத்த புனலையே மறுபடி துடைத்தார்.

"போன மாசம் பேசினோமே, சகலை."

"ஞாபகம் இருக்கு."

"நானா இந்த முடிவை எடுக்கல. நீங்கதான் சரின்னீங்க."

"ஆமா. சரின்னேன்."

போன மாதம் அவர் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டார். ஒரே நிறம், ஒரே கைப்பிடி. மேலே உள்ள எண்தான் வேறு. கெட்டி ஆயில் கேட்கிற எஞ்சினில் நீர்த்த ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். சின்னவர் தற்செயலாகப் பார்த்துத் தடுத்தார். ஊற்றியதை எல்லாம் வடித்தார்கள். அன்றைக்குப் பேசியது இது: இன்னொருமுறை இப்படி நடந்தால் குழந்தைகள் தூங்கப் பழகும்வரை பெரியவர் ஸ்பானரைத் தொடக் கூடாது. மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேச வேண்டும். வேலைக்குச் சின்னவரின் பெரியப்பா மகன் வருவான். அவன் நல்ல வேலைக்காரன். வந்தால் போக மாட்டான். அதுவும் இருவருக்கும் தெரியும்.

பெரியவர் எழுந்தார். லிஃப்ட் தூணில் மாட்டியிருந்த தன் வேலைக் கோட்டை எடுத்தார். மேசைக்குப் போய் நாற்காலியின் முதுகில் போட்டார். உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. வீட்டிலும் அவர் எடுபிடிதான். துணி எடுத்துக் கொடுப்பார், புட்டி கழுவுவார். கையில் ஒரு வேலை முழுசாக இருந்தது இங்கே மட்டும்தான்.

சின்னவர் வந்து டிராயரைத் திறந்து போனை எடுத்தார். "அடடா, இத்தனை மிஸ்டு காலா? நீங்கதானா?" பிறகு எதையாவது பேச வேண்டும் என்பதற்காகத் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது பாருங்க. செகப்புக் கார்க்காரரு. புதன்கெழமை ஆயில் மாத்தி அனுப்பினோமே. பொண்டாட்டியோட மலைக்குப் போயிருக்காரு. வண்டி பறக்குதாம்."

படத்தில் வளைந்து ஏறும் சாலை, பள்ளத்தின் ஓரத்தில் சிவப்புக் கார், முன்னால் கண்ணாடி போட்ட இருவர் சிரித்துக்கொண்டு.

"நல்லா இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

பல் டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஹெல்மெட். தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தார். வருஷத்தில் மூன்று நான்கு முறை டிராக்குக்குப் போவார். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்கிற உடம்புக்கு அது ஒன்றுதான் நிமிர்வு என்பார்.

"ரெடியா? கடைசில எந்த ஆயில்? நான் சொன்னதா, நீங்க சொன்னதா?"

சின்னவர் மேசைப் பக்கம் கை காட்டினார். புது உத்தியோகம் தொடங்கிவிட்டது.

"நான் சொன்னதுதாம்மா" என்றார் பெரியவர்.

"இன்டர்நெட்டுல எல்லாரும் மெல்லிசு போடுங்கிறாங்க. எஞ்சினுக்குப் பாரம் கொறையும், வேகம் கெடைக்கும்னு."

"ஊருக்குள்ள ஓட்டினா நீங்க சொன்னது சரி. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் சட்டுனு எல்லா எடத்துக்கும் போகும். டிராக்குல அரை மணி நேரம் மிதிச்சீங்கன்னா சூட்டுல அதுவே தண்ணியாயிடும். தண்ணி பேரிங்ல நிக்காது. இரும்பும் இரும்பும் ஒரசும்."

"அப்ப இன்னும் கெட்டியா போட வேண்டியதுதானே?"

"அதுக்காகத் தார் ஊத்த முடியுமா? கம்பெனி புக்குல ரெண்டு போட்டிருக்கான். ரெண்டுல கெட்டி எதுவோ அது. இன்னிக்கு ஓட்டிட்டு வந்து மெல்லிசுக்கு மாத்திக்கலாம்."

டாக்டரம்மா தலையாட்டினார். குழந்தையிடம் விரலை நீட்டினார். அது விரலை வாய்க்கு இழுத்துக் கடித்தது. அவர் ஈறை அப்படியே தடவிப் பார்த்தார்.

"கீழ ரெண்டு வருது. ராத்திரி தூங்க மாட்டாளே?"

"யாருமே தூங்குறதில்லம்மா."

"பல்லு வந்தா சரியாயிடும்."

"இன்னொண்ணு இருக்கு வீட்டுல. அதுக்கு எப்ப வரும்?"

"அதுக்கும் வரும். அப்புறம் மேல் பல்லு வரும். அப்புறம் கடவாப் பல்லு." டாக்டரம்மா சிரித்தார். "நான் சமாதானம் சொல்லல. தகவல் சொல்றேன்."

குழந்தை அழ ஆரம்பித்தது. பெரியவர் சாவியைச் சின்னவரிடம் கொடுத்துவிட்டு, புட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே கை கழுவுகிற தொட்டி இருந்தது. பக்கத்தில் இருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கப் போட்டார்.

தொட்டிக்குள் டப்பாக்கள் கவிழ்ந்து நின்றன.

காலியான ஆயில் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்து, அடியில் தங்கியதை இரவில் வடியவிடுவது அவர்கள் வழக்கம். அதற்கென்று முன்பக்கம் ஒரு தட்டு இருக்கிறது. நேற்று அது மற்றக் கார்களின் டப்பாக்களால் நிறைந்திருந்தது. அதனால் யாரோ இவற்றை இங்கே கொண்டுவந்து வரிசையாக, வாய் கீழாக, ஒரு தகரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. அப்படி வைப்பது அவர் ஒருவர்தான். சின்னவர் கேலி செய்வார், டப்பாக்களை ராணுவத்தில் சேர்த்துவிட்டீர்களா என்று.

ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கெட்டி ஆயில். அதே எண். தகரத்தில் வடிந்து கிடந்தது தேன் நிறத்தில் இருந்தது.

ஊற்றியிருக்கிறேன்.

நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஊற்றியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அளவு சரி செய்திருக்கிறேன். காய்ச்சல் என்று போன் வந்திருக்கிறது, சாவியை மட்டும் மாட்டாமல் போயிருக்கிறேன். குழந்தை அழுவது காதில் விழவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

முன்பக்கம் எஞ்சின் உறுமியது.

அவர் டப்பாவோடு ஓடினார். நெஞ்சில் குழந்தை குலுங்கியது. "நிறுத்து! தம்பி, நிறுத்து!" சின்னவர் டிரைவர் சீட்டில் இருந்தார். அந்த எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. பின்னாலிருந்து நீலப் புகை வந்தது. முதலில் நூலாக, பிறகு கம்பளி மாதிரி. டாக்டரம்மா இருமிக்கொண்டு வாசலுக்குப் போனார். பெரியவர் காரின் முன்னால் போய் நின்று கண்ணாடிக்கு நேராகக் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

சின்னவர் டப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் நின்றது. குழந்தையின் அழுகை மட்டும் மிஞ்சியது. பெரியவர் குழந்தையோடு புகையை விட்டுத் தெருவுக்கு வந்தார்.

சின்னவர் பின்னால் வந்தார். "பின்கட்டுல இருந்துச்சா?"

"தொட்டிக்குள்ள."

"எல்லாமா?"

"எல்லாம்."

சின்னவர் நடைபாதையின் விளிம்பில் குந்தினார். இரு கையாலும் முகத்தைத் தேய்த்தார். கை நிறைய ஆயில் இருந்தது. முகமெல்லாம் பூசிக்கொண்டது.

"என்ன ஆச்சுன்னு யாராவது மனுஷ பாஷைல சொல்றீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு தடவை ஊத்திட்டோம்மா" என்றார் பெரியவர்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா?"

சின்னவர் எழுந்தார். "நான்தாம்மா. இவரு நேத்தே ஊத்தி முடிச்சிட்டாரு. நான் இன்னிக்கு அது மேலயே ஊத்திட்டேன்."

"ஊத்தினாரா இல்லையான்னு இவரைக் கேட்டா தெரிஞ்சிருக்குமே?"

பெரியவர் குழந்தையின் முதுகைத் தடவினார்.

"கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. ஊத்தினது ஞாபகம் இல்ல."

டாக்டரம்மா அவரை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தூக்கத்துல நடக்குறவங்கள பாத்திருக்கேன். தூக்கத்துல ஆயில் மாத்துறவர இப்பதான் பாக்குறேன்." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எஞ்சின் போச்சா?"

"இல்லம்மா" என்றார் சின்னவர். "ஒரு நிமிஷம்கூட ஓடல. எல்லாத்தையும் வடிச்சு, காத்து போற பைப்பெல்லாம் கழட்டித் தொடைக்கணும். சைலன்சரையும் பாக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"டிராக்கு இன்னிக்குத்தான்."

"தெரியும்மா."

"மூணு மாசமா காத்திருந்தேன்."

இருவரும் தலை குனிந்து நின்றார்கள். டாக்டரம்மா டாக்ஸி கூப்பிட்டார். ஏறும்போது குழந்தையின் பாதத்தை இரண்டு விரலால் பிடித்து விட்டார். "இவரைக் கொஞ்சம் தூங்க விடுடி" என்றார். கோபம் இருந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை.

காரை மறுபடி லிஃப்டில் ஏற்றினார்கள். புகை வெளியேறியதும் பெரியவர் வாசலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தார். கெட்டில் கொதித்து ஆறியிருந்தது. பாதிப் புட்டியிலேயே அவள் தூங்கிப்போனாள். ஷட்டர் வழியாகக் காலை வெயில் தரையில் விழுந்திருந்தது.

சின்னவர் போல்ட்டைக் கழற்றினார். புத்தம் புதுசாக, தேன் நிறத்தில், ஆயில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வாளி நிறைந்து இன்னொன்று வைத்தார். அதுவும் நிறையும்போலிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும் வேகத்தில் அது இறங்கியது.

"சகலை."

"ம்."

"நீங்க எதையும் விடல. வாஷர் புதுசு. ஃபில்டர் அளவா இறுக்கியிருக்கு. போல்ட் மேல கோடு போட்டிருக்கீங்க. சாவியை மாட்டலன்னா என்ன, வேலை சுத்தம். நான்தான் சாவியைப் பாத்தேன், உங்களை நெனச்சேன், முடிவு பண்ணிட்டேன்."

பெரியவர் குழந்தையின் வாயோரப் பாலைத் துடைத்தார்.

சின்னவர் மேசைக்குப் போனார். நாற்காலி முதுகிலிருந்த கோட்டை எடுத்துவந்து பெரியவரின் தோளில் போட்டார். குழந்தையின் முகம் மறையாமல் ஓரத்தை ஒதுக்கிவிட்டார்.

"போன மாசம் பேசினதை விட்டுடுவோம். பெரியப்பா பையனை வர வேணாம்னு சொல்லிடறேன். நாளைக்கு இந்தக் காரை நீங்களே முடிங்க. மெதுவா முடிங்க. பை கிழிஞ்சிருக்குன்னு உங்க கொழுந்தியாகிட்ட குடுங்க, தச்சுத் தருவா."

அவருக்கு வேண்டியது எல்லாம் அதுதான். காலையிலிருந்து, போன மாதத்திலிருந்து, அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். கோட்டின் பைக்குள் கை விட்டார். விரல்கள் கிழிசல் வழியாக வெளியே வந்தன.

சின்னவர் கழற்றிய போல்ட் வாளிக்குப் பக்கத்தில் துணியில் கிடந்தது. அதன் தலையில் வெள்ளைக் கோடு. முறுக்குகிற கருவியை வைத்து இறுக்கி, அது டக்கென்று சத்தம் போட்ட பிறகு இழுக்கிற கோடு. எழுதுகோலைச் சாய்த்துப் பிடிக்கிற அவருடைய கை அதில் தெரிந்தது. அவருடைய கோடுதான். அந்தச் சத்தம் அவர் காதில் இல்லை. கோடு இழுத்தது கையில் இல்லை. யாரோ அவருடைய வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தான். நேற்று அவன் ஒன்றை மட்டும்தான் மறந்தான்.

திங்கள்கிழமையை நினைத்துப் பார்த்தார். செவ்வாய். எந்தெந்தக் கார் வந்தது என்று நினைவு இருந்தது. அவை ஏறியது இருந்தது, இறங்கியது இருந்தது. புதன்கிழமையில் நின்றார். லிஃப்டில் சிவப்பாக ஏதோ இருந்தது. அதன் அடியில் தன் கைகள் இருந்தனவா என்று தேடினார்.

குழந்தை தூக்கத்தில் புட்டியைச் சப்பியது.

"என்ன சகலை, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் சின்னவர், வாளியை நகர்த்திக்கொண்டே.

பெரியவர் மேசை மேல் கிடந்த போனைப் பார்த்தார்.

"தம்பி, அந்தச் செகப்புக் காருக்கு அடிப் போல்ட்டை முறுக்கினது நீயா, நானா?"